உழுதவன் கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்னும் பழமொழியை என் தந்தையார் சொல்லாத நாள் அருமை. தாயார் வீட்டுச் செலவுக்குக் காசு கேட்டாலும் இதைச் சொல்வார். சந்தையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாலும் இதையே சொல்வார். சிறுபிள்ளைகளாகிய நாங்கள் அதனை ஓர் ஆறுதல் மொழியாகவே கொண்டோம். கணக்குப் பார்த்தால் மனம் உடையும், மனம் உடைந்தால் மறுநாள் மண்வெட்டி தூக்கக் கை எழாது, ஆகவே பாராமல் இருப்பதே நலம் என்பது அதன் பொருளென்று நினைத்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தேன். ஆனால், என்னைக் கற்பித்த தோட்டத்தின் கணக்கை ஒரு நாளேனும் பார்த்தவனல்லேன். பார்க்க நேர்ந்தது 2023ஆம் வருஷம் பங்குனி மாதத்திலேதான்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே, செம்மண் பூமியில் உள்ளது. வருஷம் முழுதும் ஓடும் ஆறு இல்லாத நாடு எங்கள் நாடு. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறையினூடே கீழிறங்கி நிலத்தடியில் தங்கும். அதனைக் கிணற்றால் மேலேற்றித்தான் பயிர் செய்ய வேண்டும். என் பாட்டனார் காலத்தில் அந்த வேலை துலாவினால் நடந்தது. ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடித்து ஊற்ற, மூன்றாமவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். விடியற்காலம் நான்கு மணிக்கு எழுந்த மூவரின் உடம்புதான் அன்றைய இறைப்புச் செலவு. பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் வந்தது. துலா மிதித்த கால்களுக்கு ஓய்வு கிடைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும் அன்று முதல், தண்ணீர் இறைப்பதற்கும் கையிலே காசு வேண்டும் என்ற நிலை வந்தது. உழவு மாட்டின் இடத்தில் உழவு இயந்திரமும், குழைக்கும் பட்டி எருவுக்கும் துணையாக மூட்டைப் பசளையும் வந்தபோது, முன்பு உடம்பாலும் ஊர் உறவாலும் நடந்த காரியங்கள் ஒவ்வொன்றாகக் காசுக்குரிய காரியங்களாயின.

நிலமோ குறைந்துகொண்டே வந்தது. பாட்டனாருக்கு நாற்பது பரப்பு இருந்ததாகச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். பெண் பிள்ளைகளுக்குச் சீதனம் போக, என் தந்தையாருக்கு முதுசமாக வந்தது பன்னிரண்டு பரப்பு. அவர் காலத்தின் பின் தமையனாருக்கு ஆறு, எனக்கு ஆறு. கிணறு இருவருக்கும் பொது. நான் உத்தியோகம் பார்த்து வெளியூரில் இருந்தபடியால், என் பங்கையும் தமையனாரே கமம் செய்து வந்தார். நான் குத்தகை கேட்டதுமில்லை, அவர் கொடுத்ததுமில்லை. வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு மூட்டை வெங்காயமும், கத்தரிக்காயும் வாழைக்குலையும் வந்து சேரும். அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன், கணக்கென்று எண்ணவில்லை.

தந்தையாரின் கணக்குக் கொப்பி ஒன்று வீட்டுப் பெட்டகத்தில் இன்னும் இருக்கிறது. 1970ஆம் வருஷத்துக்கும் 1977ஆம் வருஷத்துக்கும் இடையில், வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் இறக்குமதியாவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்த காலத்தில் எழுதப்பட்டது. வேறு பண்டங்களுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருஷங்களில், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு நல்ல விலை கிடைத்தது. எங்கள் கல்வீடு அந்த வெங்காயத்தில் எழுந்தது. என் படிப்பும் அந்த மிளகாயில் நடந்தது. 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிச் சரக்கு மலிந்தது. எங்கள் சரக்கின் விலை விழுந்தது. அதன் பின் போர் வந்தது. 1990 முதல் தரைப்பாதை அடைபட்டது. 1995 ஐப்பசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது கிணற்றடியில் பற்றை வளர்ந்திருந்தது. அந்தத் துன்பங்களை இங்கே விரித்துரைக்கப் புகவில்லை. இத்தனைக்குப் பின்னும் தமையனார் தோட்டத்தை விடவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

2023 பங்குனியில் நான் ஊருக்குப் போனது ஒரு காரியமாக. என் மகளின் விவாகம் நிச்சயமாகியிருந்தது. காணித் தரகர் ஒருவர் என்னோடு தொலைபேசியில் பேசி, வீதியை அண்டிய என் ஆறு பரப்பையும் வீடு கட்டும் துண்டுகளாகப் பிரித்து விற்றால் நல்ல தொகை வரும் என்று கூறியிருந்தார். அவர் சொன்ன தொகை, தோட்டஞ்செய்து என் தமையனார் ஆயுள் முழுதும் மிச்சம் பிடித்ததை விடப் பெரியது. தமையனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வழிநெடுகத் தயங்கினேன். சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடி சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"உன்ரை காணி தம்பி, உன்ரை விருப்பம். நான் மறிக்கமாட்டன். ஆனால், மிச்ச ஆறு பரப்பிலை நான் சீவிக்கலாமோ எண்டு ஒருக்கால் கணக்குப் பார்த்துச் சொல்லு. நீ கணக்கு வாத்தியார்தானே."

அவர் பரிகாசமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். அவ்வருஷம் அவர் வெங்காயம் நட்டதும் சரியாக ஆறு பரப்பிலேதான். மார்கழிக் கடைசியில் நட்டுப் பங்குனியில் கிண்டி விற்று முடித்திருந்தார். அன்றிரவு விறாந்தையில் பாயை விரித்து உட்கார்ந்தோம். தமையனார் ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குள்ளே கடைத் துண்டுகளும், அடகுச் சீட்டும், சந்தைத் துண்டுகளும் இருந்தன. கல்விப் பொதுத் தராதர உயர்தரம் எழுதிவிட்டு, வெளிநாடு போகும் யோசனையில் இருந்த அவருடைய மகன் கொப்பியும் பேனையும் எடுத்தான்.

செலவை முதலில் எழுதினோம். விதை வெங்காயம் பரப்புக்கு ஓர் அந்தராக ஆறு அந்தர், அதாவது 300 கிலோ. கிலோ 300 ரூபாப்படி 90,000 ரூபா. உழவு 15,000. எருவும் பசளையும் 40,000. மருந்து 30,000. மண்ணெண்ணெய் 24,500. களை பிடுங்கவும் கிண்டவும் வந்த பெண்களின் கூலி, ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 1,500 ரூபாவாக முப்பது நாட்கூலி, 45,000. வண்டிக்கூலி 4,200. அண்ணியாரின் சங்கிலியை அடகு வைத்த பணத்துக்கு வட்டி 12,000. கூட்டிப் பார்த்தால் 2,60,700 ரூபா.

இந்தப் பட்டியலில் மண்ணெண்ணெயையும் பசளையையும் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே கட்டளையால் தடைசெய்யப்பட்டது. கமக்காரரை ஆயத்தப்படுத்தாமலும் மாற்றுப் பசளையைப் போதிய அளவில் சேர்க்காமலும் செய்த அந்தக் காரியத்தை, அவ்வாண்டு கார்த்திகையில் அரசாங்கமே கைவிட நேர்ந்தது. தடை நீங்கியபோது நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை; பசளை விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2022 ஆவணியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. பட்டணத்தில் அது ஒரு செய்தி. இறைப்பு இயந்திரம் வைத்திருப்பவனுக்கோ, தன் கிணற்றுத் தண்ணீருக்கே நான்கு மடங்கு விலை கொடுக்க வேண்டி வந்ததற்குச் சமம்.

இனி வரவு. பரப்புக்கு ஏழு அந்தராக 42 அந்தர், அதாவது 2,100 கிலோ விளைந்தது. நல்ல விளைச்சல் என்றே சொல்ல வேண்டும். சந்தையிலே கிலோ 160 ரூபா. 2,100ஐ 160ஆல் பெருக்கி மருமகப்பிள்ளை முறையில் வாய்க்கணக்காகச் சொல்ல வாயெடுத்தேன், தமையனார் கையமர்த்தினார். "கழிவை விட்டிட்டாய்" என்றார்.

எங்கள் பக்கத்துச் சந்தைகளிலே நெடுங்காலமாக உள்ள வழக்கம் அது. நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவென்று தள்ளி, தொண்ணூறுக்கே காசு தருவார்கள். மண், ஈரம், அழுகல், நிறைக் குறைவு என்று அதற்குப் பல பெயர். எங்கள் வெங்காயத்தில் 210 கிலோ அப்படிப் போயிற்று. மிச்சம் 1,890 கிலோவுக்குக் கிடைத்தது 3,02,400 ரூபா. செலவு போக மிஞ்சியது 41,700 ரூபா.

தமையனாரின் முகம் சற்றே மலர்ந்தது. "அப்ப நட்டமில்லை" என்றார். பழமொழி பொய்த்துவிட்டது, உழக்கு மிஞ்சிவிட்டது என்ற திருப்தி அவருக்கு.

அப்போதுதான் அவருடைய மகன் கேட்டான்: "சித்தப்பா, இதிலை அப்பாவின்ரை கூலி எங்கை?"

நான் பேனையை வாங்கினேன். நிலம் பண்படுத்திய நாள் முதல் கிண்டி முடித்த நாள் வரை தமையனார் தோட்டத்தில் நின்ற நாட்கள் எத்தனை என்று கேட்டேன். யோசித்து யோசித்து எண்ணினார். எழுபத்தைந்து நாள் வந்தது. மகன் விடுமுறையிலும் மாலைப்பொழுதிலும் செய்த வேலையைச் சேர்த்தால் இருபது நாள். "மச்சாள், நீங்கள்?" என்று குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டேன். "நான் என்ன செய்தனான்? வீட்டிலைதானே" என்று அங்கிருந்து பதில் வந்தது. ஆனால், விதை வெங்காயத்தைத் தெரிந்து தாள் களைந்தவர் அவர். வெயிலேறுமுன் களை பிடுங்கியவர் அவர். கூலிக்கு வந்த பெண்களோடு நின்று நட்டவரும், கிண்டியதைப் பிடி பிடியாகக் கட்டி உலர்த்தியவரும் அவரே. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதியபோது அறுபது நாள் வந்தது. சமையலையும் கூலியாட்களுக்குத் தேநீர் கொடுத்ததையும் நான் சேர்க்கவில்லை.

ஆக மூவருக்கும் 155 நாள். 41,700 ரூபாவை 155ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 269 ரூபா. பக்கத்துப் பாத்தியில் களை பிடுங்கிய பெண்ணுக்குத் தமையனார் கொடுத்தது 1,500 ரூபா. அதே வெயிலில், அதே வேலைக்குத் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டது 269 ரூபா. நான் என் காணிக்குக் குத்தகை கேட்டிருந்தால் அதுவும் குறைந்திருக்கும். அவரை விட ஐந்து வயது இளைய நான், வாசலில் உட்கார்ந்து ஓய்வூதியம் வாங்குகிறேன்; அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அன்பென்று நான் ஏற்றுக்கொண்ட வெங்காய மூட்டைகள் எந்தக் கூலியிலிருந்து வந்தன என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அண்ணியார் கதவடியில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பின்பு மெல்லச் சொன்னார்: "அப்ப நானும் உழைச்சிருக்கிறன்."

அந்த வார்த்தைக்கு நாங்கள் ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. நான் எழுந்து போய்ப் பெட்டகத்திலிருந்த தந்தையாரின் கொப்பியை எடுத்துவந்து விளக்கடியில் புரட்டினேன். விதை, எரு, உழவு, கூலி, வண்டி எல்லாம் அழகான எழுத்தில் இருந்தன. என் தாயார் அந்தத் தோட்டத்தில் நாற்பது வருஷம் குனிந்து நிமிர்ந்தவர். அவரைப் பற்றிய குறிப்பு கொப்பி முழுவதிலும் ஓரிடத்திலேதான் இருந்தது: "அவவின் காப்பு அடகு."

குடும்பக் கமம் எதனால் இத்தனை இடிகளையும் தாங்கி நிற்கிறது என்பதற்கு விடை இதிலேயே உண்டு. பெரிய கொம்பனித் தோட்டம் ஒன்றில் கூலி கட்டாவிட்டால் தோட்டத்தை மூடிவிடுவார்கள். குடும்பக் கமத்திலோ கூலி கட்டாதபோது குடும்பம் தன் கூலியைக் குறைத்துக்கொள்ளும். விலை விழுந்தாலும், வட்டி ஏறினாலும், மண்ணெண்ணெய் நான்கு மடங்கானாலும், அந்த நஷ்டம் முழுவதையும் ஏற்றுக்கொள்வது கணக்கில் எழுதப்படாத அந்த உழைப்புத்தான். எழுதப்படாத காரணத்தால் நஷ்டம் லாபம்போலத் தோன்றுகிறது. நஷ்டமென்று தெரியாதவன் எதையும் மாற்ற முயலான். விலை பேசும்போது எந்த விலைக்குக் கீழே இறங்கலாகாது என்பதும் அவனுக்குத் தெரியாது.

எழுதிப் பார்த்தபோது எங்களுக்கு மூன்று விஷயங்கள் தெளிவாயின. முதலாவது, மொத்தச் செலவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் விதை வெங்காயத்துக்கே போயிருந்தது. விதையைத் தாமே வைத்துக்கொள்ளாமல், எல்லாரும் தேடும் நாளில் உச்ச விலைக்கு வாங்கியதே காரணம். கையில் காசில்லாதபடியால் கிண்டியவுடன் முழுவதையும் விற்பதும், விற்றதையே பின்னர் இரட்டை விலைக்கு வாங்குவதும் ஊர் வழக்கமாகிவிட்டது. இரண்டாவது, கழிவாகப் போன 210 கிலோவின் பெறுமதி 33,600 ரூபா. மூன்று பேரின் முழுப்போக உழைப்புக்கும் கிடைத்தது 41,700 என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள். மூன்றாவது, ஆறு பரப்பும் ஒரே பயிர். போன போகத்தில் விலை ஏறிய பயிரை இந்தப் போகத்தில் ஊரே நடுகிறது. எல்லாருடைய சரக்கும் ஒரே கிழமையில் சந்தைக்கு வர, விலை விழுகிறது. அந்தச் சமயத்தில் இறக்குமதிச் சரக்கின் மீதுள்ள வரியைக் குறைத்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை. 2007ஆம் வருஷச் சட்டம் ஒன்றின்கீழ் விதிக்கப்படும் விசேட பண்ட அறவீடு கொழும்பிலே ஒரு கையொப்பத்தால் ஏறும், இறங்கும். தோட்டக்காரனுக்கோ நட்டது நட்டதுதான்.

தமையனார் கேட்ட கேள்விக்கு விடையையும் சொல்ல வேண்டுமல்லவா? மிச்ச ஆறு பரப்பில் மட்டும், இப்போது நடக்கும் முறையில், சீவிக்க முடியாது. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். என் பங்கை விற்கவில்லை என்பதையும் மறுநாள் காலையில் சொன்னேன். மகளின் விவாகத்தை என் ஓய்வூதியத்தின் மேல் கடன் பெற்றுச் சிக்கனமாக முடித்தோம். இதைப் பெருந்தியாகமாக யாரும் எண்ண வேண்டாம். பல வருஷமாக நான் அறியாமலே வாங்கியிருந்த கடனில் ஒரு பகுதியைத் திருப்பினேன், அவ்வளவே.

அடுத்த போகத்தில் வெங்காயத்தை மூன்று பரப்பாகக் குறைத்தார்கள். கிண்டியதில் ஒரு பகுதியை விற்காமல் பரண் கட்டி விதைக்கு உலர்த்தி வைத்தார்கள். மிச்சத் தறைகளில் பயற்றை, கத்தரி, மரவள்ளி, வாழை என்று பிரித்து, கிழமைதோறும் கொஞ்சம் காசு வரும்படி செய்தார்கள். அயலில் உள்ள ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கை ஏற்றி, கழிவைப் பற்றி ஒரே குரலில் பேசின. ஒரு வியாபாரி பத்தை ஐந்தாக்கினார், மற்றவர்கள் அசையவில்லை. இதனாலெல்லாம் செல்வம் கொழித்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மழை பிந்திப் பெய்து ஒரு தறை அழுகியும் போயிற்று. ஆனால், மூவரின் நாட்கூலி 269லிருந்து 600ஐத் தாண்டியது. இன்னும் அது அரைக்கூலிதான். எனினும் அரைக்கூலி என்று தெரிந்து செய்வதற்கும், தெரியாமல் செய்வதற்கும் வேற்றுமை உண்டு. சங்கிலி அடகிலிருந்து மீண்டது.

கமக்காரக் குடும்பங்களில் பிறந்து படிக்கும் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பேணியோ, சுவரில் தொங்கும் ஒரு துண்டுக் கட்டோ இருக்கும். ஒரு விடுமுறையில் அதை எடுத்து ஒரு போகத்தின் கணக்கை எழுதிப் பாருங்கள். உங்கள் தந்தையாரின் நாட்களை எழுதுங்கள்; தாயாரின் நாட்களை அவர் "நான் ஒன்றும் செய்யவில்லை" என்று சொன்னாலும் கேட்டு எழுதுங்கள். உங்களைப் படிப்பித்த பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரியவரும். கமத்தைத் தொடர்வதா விடுவதா என்பதை அதன்பின் தீர்மானிக்கலாம்.

தமையனாரின் மகன் இன்னும் வெளிநாட்டு யோசனையை முற்றாகக் கைவிடவில்லை. போகாதே என்று சொல்லும் உரிமை, ஊரை விட்டு முதலில் போன எனக்கு இல்லை. ஆனால், கொப்பியை அவன்தான் எழுதி வருகிறான். போன முறை போனபோது எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் விதை, பசளை, மண்ணெண்ணெய் என்ற நிரல்களுக்கு அருகே மூன்று நிரல்கள் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தன: அப்பா, நான், அம்மா. அன்றைய திகதிக்கு நேரே அம்மாவின் நிரலில் "அரை நாள், களை" என்று எழுதியிருந்தது. அது அவன் எழுத்தன்று. அண்ணியாரே தம் கையால் எழுதியிருந்தார்.